சுதர்சினி கேட்டு வாங்கிய கணினி

பூனாகலைத் தோட்டத்தில் தர்மலிங்கம் என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. "பிள்ளை மடுவத்து சுதர்சினி வீட்டுக்காரரா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அதில் அவருக்கு மனத்தாங்கல் ஏதும் இருந்ததில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவது அவருடைய வேலை. காற்றாடிகளின் இரைச்சலுக்குள் பாதி ஆயுள் போய்விட்டதால் பேச்சு குறைந்த மனிதர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு வீட்டில் சுதர்சினி இருந்தாள்.

தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் மடுவத்தில் அவள் பிள்ளை பார்ப்பவள். கழுவித் துடைத்துப் பால் கொடுத்துத் தூங்க வைத்தால் போதும் என்றுதான் அந்த வேலையை எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு அது போதவில்லை. பழைய கலண்டர் அட்டைகளின் பின்புறத்தில் அணிலும் மாட்டுவண்டியும் வரைந்து கதை சொல்வாள். சாதாரண தரம் பாஸ் பண்ணி, உயர்தரம் படிக்கப் பண்டாரவளைக்குப் போகத் தொடங்கிய வருஷம் அவளுடைய தகப்பன் மலையில் சறுக்கி விழுந்து படுத்த படுக்கையானார். படிப்பு அத்தோடு நின்றது. நின்றதே ஒழிய, அவளுக்குள்ளிருந்து போகவில்லை. மகள் கௌசிகா உயர்தர வகுப்புக்கு வந்த வருஷம்தான் அது மறுபடி தலை தூக்கியது.

"என்னங்க, முன்பள்ளி டீச்சருக்குப் படிக்கிற டிப்ளோமா ஒண்ணு பதுளையில நடக்குது. சனி, ஞாயிறுல. நான் போட்டிருக்கேன்" என்றாள் ஒருநாள், ரொட்டி சுட்டுக்கொண்டே.

"என்னா போட்டிருக்க?"

"விண்ணப்பம். எடுத்துட்டாங்க."

தர்மலிங்கம் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். சம்மதத்துக்கு அவரிடம் அதுவே அடையாளம். பிறகுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள். எழுதிக் கொடுக்கிற பாடமெல்லாம் கணினியில் அடித்துத்தான் கொடுக்க வேண்டுமாம். கௌசிகாவின் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கேட்கிறார்களாம். தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து வீட்டில் ஒன்று இருந்தால் நல்லது என்றாள். கேட்டால் மறுக்க முடியாத மாதிரி கேட்பது அவளுக்குக் கைவந்த கலை. வீட்டின் முன்பக்கத்து மண்சுவரை இடித்துக் கல் வைக்கலாம் என்று அவர் சேர்த்திருந்த காசு இருந்தது. சுவர் இன்னும் சில மழை தாங்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை மூவரும் பதுளைக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுதர்சினி, "நீங்க ரெண்டு பேரும் முதல்ல கடைக்குப் போங்க. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. ஜாக்கெட் தைக்கக் குடுத்த இடம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. துணி விஷயத்தில் ஆம்பிளை தலையிட என்ன இருக்கிறது.

கடைவீதியின் மாடியொன்றில் றஷீதா மிஸ் கணினி வகுப்பும் வைத்திருந்தார், பழைய கணினிகளைச் சரிபார்த்து விற்கவும் செய்தார். ஐம்பது வயதை நெருங்கிய, நிதானமான மனுஷி. விற்பதைவிடக் கேட்பதில்தான் அவருக்கு அக்கறை அதிகம். மடிக்கணினி ஒன்றைத் தேர்ந்து மேசையில் வைத்துவிட்டு, "மெஷின் சரி. உள்ளுக்கு என்ன போடுறது? அத யோசிச்சு எடுக்கணும்" என்றார்.

கணினி என்றால் அதற்குள் எல்லாம் இருக்கும் என்றுதான் தர்மலிங்கம் நினைத்திருந்தார். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் படம் காட்டிப் பாடம் நடத்துவதற்கும் தனியாக மென்பொருள் போட வேண்டும் என்பது அங்கேதான் தெரிந்தது. சுதர்சினி வரட்டும் என்று காத்திருந்தார்கள். நேரம் இழுத்தது. கௌசிகா இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் படியேறி வந்த சுதர்சினியின் முகம் அப்போதுதான் கழுவியது போல ஈரமாக இருந்தது. கையில் ஜாக்கெட் இல்லை.

"தச்சு முடியல" என்றாள். "சொல்லுங்க மிஸ், என்னா போடலாம்?"

றஷீதா மிஸ் எதையும் மூடி மறைக்காமல் விளக்கினார். "ஒண்ணு, சும்மா கிடைக்கிறது. காசு இல்ல. இன்டர்நெட் இல்லாட்டியும் வேலை செய்யும், தமிழும் நல்லா அடிக்கலாம். ஆனா உங்க கோர்ஸ்ல அனுப்புற படிவம் வேற கம்பனியோடது. அத இதுல திறந்தா சில நேரம் கட்டமெல்லாம் இடம் மாறிப்போகும். ரெண்டாவது, அந்தக் கம்பனியோடதையே ஒரே தடவையா வாங்குறது. இந்த மெஷினுக்கு மட்டும், எப்பவும் இருக்கும். மூணாவது, அதையே வருஷக் கணக்குல எடுக்கிறது. குடும்பத்துக்குன்னு ஒரு வகை இருக்கு. ஆளாளுக்குப் பேர் போட்டு, அவங்கவங்க எழுதுறத தனித்தனியா வச்சுக்கலாம். போன்லயும் திறக்கலாம். வருஷம் முடிஞ்சா திருப்பிக் கட்டணும்."

"சில கடையில சும்மா போட்டுத் தர்றாங்களே" என்றாள் கௌசிகா.

"அது களவெடுத்தது மகள். போடலாம். ஒருநாள் வைரஸ் வந்து நீங்க எழுதின எல்லாத்தையும் கொண்டு போகும். நான் போட மாட்டேன்."

தர்மலிங்கத்துக்கு இரண்டாவதுதான் பிடித்தது. "ஒரே தடவையா எடுத்துருவோம். வருஷா வருஷம் வாடகை கட்டிக்கிட்டு இருக்க இது என்னா கடையா? புள்ளைக்கும் நாளைக்கு உதவும்."

சுதர்சினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வருஷத்துக்கு எடுப்போங்க. போதும்."

"பெறகு?"

"பெறகு புள்ளைக்கு எது வேணுமோ, அத அவ பாத்து எடுத்துக்கிடட்டும்."

சிக்கனம் என்று அவர் எடுத்துக்கொண்டார். உப்பைக்கூட அளந்து போடுகிறவள். அவள் சொன்னபடியே குடும்பத்துக்கான வகையைப் போட்டு, மூன்று பேருக்கும் பெயர் பதிந்தார்கள். எனக்கு எதற்கு என்று தர்மலிங்கம் கூச்சப்பட்டார். "இருக்கட்டுங்க, உங்களுக்கும் ஒரு இடம் இருக்கட்டும்" என்று அவளே எழுத்துக் கூட்டி அவர் பெயரை அடித்தாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. பிறகு எட்ட நின்று பார்த்துச் சிரித்தாள்.

அந்த வருஷத்தின் முன்பாதி அவர்கள் வீட்டில் முன்பு எப்போதும் இல்லாத ஒரு கலகலப்பு. லயத்து வரிசை வீட்டில், அவர்களுடைய காம்பராவில் ஜன்னலோரம் மேசை வந்தது. சிக்னல் அங்கேதான் கொஞ்சம் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கௌசிகா ஆசிரியையாகிவிடுவாள். "அம்மா, அங்க அமத்தாதீங்க, எல்லாம் அழிஞ்சுரும்" என்று அவள் கத்துவதும், "அழிஞ்சா திருப்பி எழுதுவேன், நீ கத்தாத" என்று சுதர்சினி சொல்வதும் பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் கேட்கும். முதலில் 'அம்மா' என்று அடிக்கவே அவள் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்கச் செலவிட்டாள். போகப் போக விரல்கள் பழகின. அணில் கதையும் மாட்டுவண்டிக் கதையும் அட்டைகளிலிருந்து கணினிக்கு வந்தன. பாடத்திட்டம், பிள்ளைகளின் உயரம் எடைக்கு ஒரு அட்டவணை, நிறங்களைச் சொல்லிக் கொடுக்கப் படங்கள் என்று பலதையும் செய்தாள். மடுவத்தில் பிள்ளைகளுக்குக் காட்டப் போனில் திறந்து கொண்டுபோவாள். வேலை முடிந்து வரும் தர்மலிங்கத்தைக் கதவடியிலேயே பிடித்து, "இதக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க, புள்ளைங்களுக்கு விளங்குமா?" என்று கேட்பாள். அவர் கொழுந்து வாசம் அடிக்கும் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாசிப்பார். விளங்கும் என்பார். வேறு அபிப்பிராயம் சொல்லத் தெரிந்ததில்லை. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இடையிடையே அவள் களைத்துப் போவதை அவர் கவனிக்காமல் இல்லை. கேட்டால், "ரெண்டு வேலை, ஒரு படிப்பு, ஒரு புருஷன், களைக்காம என்னா செய்யும்?" என்பாள். இடது கையைத் தூக்கிக் கொடியில் துணி போடுவதை அவள் விட்டுவிட்டிருந்தாள். அதையும் பார்த்தார். கௌசிகா உதவுகிறாள் என்று நினைத்தார்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் மடுவத்தில் பிள்ளையைத் தூக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று தொழிற்சாலைக்கு ஆள் வந்தது. தோட்டத்து லொறியில் பண்டாரவளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வார்டு வாசலில் நின்ற தர்மலிங்கத்திடம் ஒரு தாதி, தெரிந்த ஆளைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்: "இவங்க தை மாசமே கிளினிக்குக்கு வந்தவங்க. உடனே ஒபரேஷன் செய்யணும்னு டொக்டர் திகதி குடுத்தார். இவங்க வரவே இல்ல. ரெண்டு தரம் மடுவத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டாங்க."

அவருக்கு முதலில் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் பட்டது. என்ன நோய் என்று கேட்டார். மார்பில் கட்டி என்றும், அது இப்போது ஈரலுக்கும் போய்விட்டது என்றும் தாதி மெதுவாகச் சொன்னார்.

கட்டிலில் சுதர்சினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் அருகில் போய் நின்றதும் திரும்பினாள்.

"ஜாக்கெட் தைக்கக் குடுத்தேன்னு சொன்னியே" என்றார். அவர் வாயில் வந்தது அதுதான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லியிருந்தா அன்னைக்குக் கம்பியூட்டர் வாங்க விட்டிருப்பீங்களா? கோர்ஸுக்குப் போக விட்டிருப்பீங்களா?"

"எனக்கு எதுக்கு கம்பியூட்டர்? எனக்கு நீ இருந்தாப் போதாதா?"

"அதான் சொல்லல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எங்கப்பா விழுந்தப்ப விட்டேன். ரெண்டாவது தரமும் விடச் சொல்றீங்களா? சின்னதாத்தான் இருந்திச்சு. ஒரு வருஷம் தாங்கும்னு நெனச்சேங்க."

அப்போதுதான் றஷீதா மிஸ்ஸின் கடையில் அவள் திரையைப் பார்த்தபடி ஒரு வருஷம் போதும் என்று சொன்னது அவருக்கு உறைத்தது. அவளைத் திட்ட வேண்டும் போலவும் அவள் காலைப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு வாய் குடித்தாள்.

ஒபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. டொக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். காலம் கடந்துவிட்டதை அவர்கள் மறைக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சுதர்சினி நேராக மேசைக்குத்தான் போவாள். கௌசிகா தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைப்பாள். தாய் சொல்ல மகள் அடிப்பதாக இருந்தது சில நாள். வேறு நாட்களில் அவளே அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாள். தர்மலிங்கம் வாசலில் உட்கார்ந்து அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தை அவர் வெறுக்கத் தொடங்கியது அப்போதுதான். ஒவ்வொரு தட்டும் அவளிடமிருந்து ஏதோ ஒன்றைக் கிள்ளி எடுப்பதாக அவருக்குத் தோன்றியது.

கார்த்திகையில் எழுத்துப் பரீட்சை. தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு போனாள். தர்மலிங்கம் வாடகை வான் பிடித்துக் கூட்டிப்போய், மண்டபத்துக்கு வெளியே மழையில் ஒதுங்கி நின்றார். எல்லாப் பாடமும் எழுதினாள். வெளியே வந்து, "கடைசிக் கேள்வி மட்டும் கொஞ்சம் கொழப்பம். மத்ததெல்லாம் நல்லா செஞ்சேங்க" என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக அவர் கலியாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இனிக் கற்பித்தல் பயிற்சி மட்டும்தான் பாக்கி. ஒரு முன்பள்ளியில் சில கிழமை பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது தையில்.

மார்கழி நடுவில் சுதர்சினி போய்விட்டாள். காலையில், கௌசிகா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது. மடுவத்துப் பிள்ளைகளின் தாய்மாரெல்லாம் அன்றைக்கு மலைக்குப் போகாமல் வந்து நின்றார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கும் பாதையில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் போன தர்மலிங்கத்தை இருவர் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள் அவர் மடிக்கணினியைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

கௌசிகா பள்ளிக்கூட வேலையைத் தோழி ஷிப்னா வீட்டுக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் போய் வர நேரமாகும். மழைநாளில் நனைந்துகொண்டு வருவாள். தகப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குழம்பை அந்தப் பக்கம் தள்ளுவதற்கு மட்டும் ஒரு வார்த்தை. பக்கத்துக் காம்பராவிலிருந்த அவருடைய அக்கா ராசம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து நின்றாள்.

"ஏன்டா தம்பி, அவ உசிரக் குடுத்து வாங்கின சாமானப் பூட்டி வச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?"

"அதான் அவ உசிர எடுத்திச்சு."

"நோவுதான்டா எடுத்திச்சு. அந்தப் பொட்டி என்னா செஞ்சுச்சு?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனாலும் அக்காவின் பேச்சு அவரை விடவில்லை. அதற்கடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, கௌசிகா ஈரப் பாவாடையோடு வந்து காய்ச்சலில் படுத்தபோது, அவரே அலுமாரியைத் திறந்து கணினியை எடுத்து அவள் பாயருகே வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டித் திறந்தாள்.

தாயின் பெயரைத் தொட்டாள். கதைகள் எல்லாம் இருந்தன. அணில் கதையைத் திறந்தாள். கடைசியாகச் சுதர்சினி எழுதிக்கொண்டிருந்தது மீன்கொத்திக் கதை. அது பாதியில் நின்றிருந்தது. கௌசிகா அதில் எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்த விசையை அமர்த்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஒரு மஞ்சள் பட்டை மட்டும் வந்து நின்றது.

"என்னா போட்டிருக்கு?" என்றார் தர்மலிங்கம்.

"வருஷம் முடிஞ்சுதாம்பா. வாசிக்கலாம். எழுத ஏலாது."

கௌசிகா திரையில் முகத்தை வைத்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததில்லை. அவர் அவள் தலையில் கை வைத்தார்.

காய்ச்சல் விட்ட பிறகு இருவரும் பதுளைக்குப் போனார்கள். றஷீதா மிஸ்ஸுக்குச் செய்தி தெரியாது. "எங்க, மாணவிய காணல?" என்று சிரித்தபடி கேட்டவர், கௌசிகாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவள்தான் சொன்னாள். அவர் எழுந்து வந்து அவளை அணைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். தர்மலிங்கத்துக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அண்ணன், நான் அவசரப்படுத்தல. என்ன செய்யணும்னு ஆறுதலா யோசிச்சு சொல்லுங்க. திருப்பி வருஷத்துக்குக் கட்டலாம். கட்டினா அவங்க எழுதினது எல்லாம் பழைய மாதிரியே திறக்கும், அவங்க பேரும் அப்படியே இருக்கும். இல்லாட்டி மகளுக்கு மட்டும் தனியா எடுக்கலாம். இல்லாட்டி அந்தச் சும்மா கிடைக்கிறத போடலாம், அவவோட படிப்புக்கு அது போதும்."

"குடும்பத்துக்குன்னு எடுத்தமே, அது எத்தன பேருக்கு?" என்றார் தர்மலிங்கம்.

"ஆறு பேர் வரைக்கும்."

அவர் தலையாட்டினார். ஆறு பேருக்கு இடமிருந்தது. முடிவைச் சொன்னது கௌசிகாதான்.

"சும்மா கிடைக்கிறதையே போடுங்க மிஸ். முடியாத ஒண்ணு போடணும். திரும்பத் திரும்ப முடிஞ்சு போறது வேணாம்."

றஷீதா மிஸ் முதலில் சுதர்சினியின் கோப்புகளையெல்லாம் வேறொரு இடத்தில் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்தினார். ஒவ்வொன்றையும் அச்சடித்தும் கொடுத்தார். பிறகு புதியதைப் போட்டார். பெயர் பதிய வேண்டுமா என்று தர்மலிங்கம் கேட்டார். இதற்குப் பெயர் எதுவும் தேவையில்லை, யாரும் திறக்கலாம், யாரும் எழுதலாம் என்றார் மிஸ். புதியதில் அணில் கதையைத் திறந்தபோது படம் ஒரு பக்கத்திலும் எழுத்து மறுபக்கத்திலுமாகச் சிதறிக் கிடந்தது. சுதர்சினி பார்த்துப் பார்த்து வரிசையாக அடுக்கிய அட்டவணை கலைந்திருந்தது.

"அம்மா இப்பிடிச் செய்யல" என்றாள் கௌசிகா.

"எழுத்து ஒண்ணும் போகல மகள். இடம்தான் மாறியிருக்கு. நீங்க உக்காந்து சரிப்படுத்தலாம்."

பங்குனி முழுக்க அவள் அதைச் சரிப்படுத்தினாள். தன் பாடம் முடிந்ததும் ஒரு கதை, ஒரு அட்டவணை என்று எடுத்து, அச்சுத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தாய் வைத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வைத்தாள். மீன்கொத்திக் கதையை மட்டும் அவள் தொடவில்லை. முடித்துவிடு என்று ராசம்மா சொன்னாள். எப்படி முடிக்க நினைத்தார்களென்று எனக்குத் தெரியாது அத்தை என்றாள் கௌசிகா. தர்மலிங்கம் இப்போது வாசலில் உட்காருவதில்லை. உள்ளே, மகளுக்குப் பின்னால் உட்காருவார். அந்தச் சத்தம் அவருக்கு இன்னும் வலித்தது. அது நின்றுபோனால் அதைவிட வலிக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் பரீட்சை முடிவு வந்தது. சுதர்சினி எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்திருந்தாள். போனில் வந்த செய்தியைக் கௌசிகா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

"அப்ப சேட்டிபிக்கட் தருவாங்களா?" என்றார்.

"பயிற்சி செய்யலையேப்பா. தர மாட்டாங்க."

"எழுதிக் கேப்போம்."

மேசையில் உட்கார்ந்து கௌசிகா அடித்தாள். அவர் பின்னால் நின்றார். பணிப்பாளர் அவர்களுக்கு என்று தொடங்கி, 'எனது மனைவி காலஞ்சென்ற தர்மலிங்கம் சுதர்சினி' என்று அவள் அடித்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அந்த வார்த்தை வேணாம் புள்ள."

"போடாட்டி அவங்களுக்கு எப்பிடிப்பா விளங்கும்?"

"அவளுக்கு வர முடியாதுன்னு போடு."

கௌசிகா அந்த வார்த்தையை அழித்தாள். 'அவரால் சமுகமளிக்க முடியாத காரணத்தினால்' என்று அடித்தாள். இருவரும் அதைப் பார்த்தார்கள். அப்படிப் படிக்கும்போது அவள் காய்ச்சலில் படுத்திருப்பது போலவும், அடுத்த கிழமை எழுந்து வந்துவிடுவாள் போலவும் இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததனாலேயே நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"முன்ன போட்டதையே போடு" என்றார்.

பதில் வர ஒரு மாதமானது. பயிற்சியை முடிக்காத ஒருவருக்கு டிப்ளோமாச் சான்றிதழ் வழங்க விதி இடந்தராது என்றும், பரீட்சையில் பெற்ற பெறுபேற்றுத் தாளை நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அனுதாபமும் தெரிவித்திருந்தார்கள். தர்மலிங்கம் லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டை உடுத்திக்கொண்டு மகளோடு பதுளைக்குப் போனார்.

அலுவலகக் கருமபீடத்தில் இருந்த சின்னப் பெண் புதிதாக வேலைக்கு வந்தவள் போலிருந்தது. கோப்பைத் தேடி எடுத்தாள். பெயரைப் பார்த்தாள்.

"சுதர்சினி நீங்களா?" என்று கௌசிகாவிடம் கேட்டாள்.

"இல்ல. அம்மா."

"மாணவி வந்துதானே கையெழுத்து வைக்கணும். அவங்க வரலையா?"

கௌசிகா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். தர்மலிங்கம் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வரலைங்க" என்றார். "நான் வைக்கிறேன்."